எலாடியோ மாமாவின் நிறுத்தம்

“மேளம் ஒரு மூச்சு நின்னாலும் சரி, நான் மணவறைய விட்டு எறங்கிருவேன். அப்புறம் யாரும் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

மலேசியாவின் சுங்கை பூலோவில் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு வள்ளியம்மா இப்படிச் சொன்னார். அவர் மகன் சிவநேசனுக்கு என் அக்கா மகள் அமுதவள்ளியைக் கொடுப்பதாகப் பேச்சு. பையனும் பெண்ணும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் சம்மதம் என்ற பெயரில் தட்டு மாற்றிக்கொள்ளத்தான் நாங்கள் போயிருந்தோம். அந்த அம்மா சம்மதிக்கவும் செய்தார். ஒரே ஒரு நிபந்தனை, தாலி கட்டும்போது கெட்டி மேளம் நிற்கவே கூடாது.

எந்தக் கல்யாணத்தில்தான் நிற்கிறது என்று நான் கேட்கப் போனேன். என் அக்கா மாதவி என் முழங்கையைக் கிள்ளினாள். விஷயம் அவளுக்கு முன்பே தெரியும்.

வள்ளியம்மாவின் மூத்த மகள் கோமளாவின் கல்யாணத்தில், சரியாகத் தாலி ஏறும் நேரத்தில் தவிலின் தோல் கிழிந்து மேளம் நின்றுபோயிருக்கிறது. அந்த இடைவெளியில், சமையல் கட்டில் பாயசக் குண்டானைக் கவிழ்த்த எவனோ ஒருவன் “போச்சு! எல்லாம் போச்சு!” என்று கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. வருடம் திரும்புவதற்குள் கோமளாவின் புருஷன் லோரி மோதிச் செத்துப்போனான். கெட்ட சொல் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டி மேளம் அடிக்கிறோம்? விழுந்துவிட்டது. வள்ளியம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவளே கோமளாதான். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். வைத்துவிட்டு நிமிர்ந்தவளைப் பார்த்து எங்கள் மாமா வாயைத் திறந்தார்.

“நீதான் மாப்பிள்ளைக்கு அக்கா? அப்ப ரெண்டாவது, மூணாவது முடிச்சு நீ போடணும் லா. நான் பொண்ணு அப்பா. நான் கேக்குது.”

வள்ளியம்மா முகத்தில் ஈயாடவில்லை. கோமளா வெறும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் அவன் கூடப்பிறந்தவள் என்பது நம் வழக்கம்தான். ஆனால் புருஷனை இழந்தவளைத் தாலி பக்கம் யார் விடுகிறார்கள்?

“அதுக்கு என் தங்கச்சி மக சங்கரி இருக்கா,” என்று வள்ளியம்மா பேச்சை முடித்தார். இந்த முறை மாதவி கிள்ளியது மாமாவை.

மாமா என்றால் என் அக்கா புருஷன். பெயர் எலாடியோ, கியூபாக்காரர். கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் பிறந்து வளர்ந்த மாதவிக்கு அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி மாப்பிள்ளை வந்தார் என்று என்னிடம் கேட்காத ஆளே எங்கள் தாமான் குடியிருப்பில் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

கியூபாவின் கிழக்குப் பக்கத்து மலையூர்களில் ‘சோன்’ என்று ஒரு பாட்டு உண்டு. ஒரு கிட்டார், கையால் தட்டுகிற ஒரு ஜோடி போங்கோ மேளம், தட்டுவதற்கு இரண்டு மரக்குச்சி, பாடுகிறவனுக்குப் பதில் பாட நாலு பேர். இவ்வளவு போதும், விடிய விடிய ஆடலாம். மாமா அந்த ஊர்களில் ஒன்றில் பிறந்தவர். சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களின் நடனங்களில் வாசிக்கத் தொடங்கி, சந்தியாகோ நகரத்து வானொலிக்குப் போய், சொந்தமாகப் பாட்டுக்கட்டி, கொஞ்சம் பெயரும் எடுத்தார். அவர் பாட்டு இரண்டை இன்றைக்கும் அங்கே பஸ்ஸில் பாடுகிறார்களாம். நான் போய்ப் பார்த்ததில்லை, நம்பிக்கொண்டேன்.

கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல்காரன் ஆறு மாதத்துக்கு ஒரு குழுவை வரவழைத்தான். அதில் ஒருவராக வந்தார். மாதவி அப்போது அந்த ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். மேடைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவளுக்கே ஒரு பாட்டுக் கட்டிவிட்டார் மனுஷன். குழு திரும்பிப் போனது, இவர் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மாடியில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறார், உணவகங்களிலும் கல்யாண விருந்துகளிலும் வாசிக்கிறார், மோனோரயில், மழை, மாதவியின் இஸ்திரிப்பெட்டி என்று கண்டதற்கெல்லாம் பாட்டுக் கட்டுகிறார். அவருக்கு போங்கோ வாசிப்பவன் நான். கோயில் திருவிழாக்களில் உருமி அடித்துக்கொண்டிருந்த கை இது. பகலில் துறைமுகத்தில் லோரிகளுக்கு வழி சொல்கிற வேலை.

மாமாவின் பாட்டு எதுவானாலும் நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கும். ஆட்டம் உச்சிக்கு ஏறும் நேரத்தில் கிட்டாரின் கழுத்தை மேலே தூக்குவார். குழு முழுக்க ஒரே வெட்டாக நிற்க வேண்டும். ஒரு மூச்சு அமைதி. பிறகு கழுத்தைத் தாழ்த்தி, கிட்டார் மட்டும் தனியாகத் தொடங்கும். மற்ற சோன்காரர்களும் நிறுத்துவார்கள், ஆனால் யாரும் இவ்வளவு நேரம் நிறுத்தமாட்டார்கள். இளவயதில் ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் எல்லாம் அடங்கிவிட்டதாம்.

“ஆனா காலு நிக்கல லோகன். இருட்டுல ஜனங்க ஆடுது, அந்தக் காலு சத்தம் எனக்குக் கேக்குது. முன்னாடி நான் கேட்டதே இல்ல, ஏன்னா நான் வாசிச்சுக்கிட்டே இருந்தது.”

அன்றிலிருந்து நிறுத்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாலி கட்டும்போது வேண்டாம் என்றுதான் நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

அமுதாவின் ஆசையால் வந்த வினை இது. “அப்பா, ஊர்ல எல்லார் கல்யாணத்துக்கும் வாசிக்கிறீங்க. என் தாலிக்கு உங்க கிட்டாரு வேணும்” என்று அவள் கேட்க, மாமா ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக ஒன்றைக் கட்டினார். நாதஸ்வரம், தவில், கிட்டார், போங்கோ எல்லாம் சேர்ந்தது. கிள்ளானில் மேளக்குழு வைத்திருக்கும் தவில்காரர் அய்யாவு அண்ணன் ஒத்துக்கொண்டார். சேலைக் கடை மாடியில் ஒத்திகை. நாதஸ்வரத்துக்குச் சுதியை மாற்ற முடியாதென்று மாமா தன் கிட்டாரின் கம்பிகளையெல்லாம் அதற்குத் தகுந்தபடி முறுக்கினார். கீழே சேலை பார்க்க வந்த பெண்கள் படியில் ஏறி நின்று கேட்டார்கள்.

முதல் இரண்டு ஒத்திகையில் நிறுத்தம் இருந்தது. கிட்டார் கழுத்து உயரும், தவில் இரண்டும் சட்டென்று அடங்கும். அய்யாவு அண்ணனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. “இந்த மாதிரி ஒரு வெட்டு நம்ம மேளத்துல இல்லையேப்பா” என்று மறுபடியும் மறுபடியும் அதையே பழகினார். மூன்றாவது ஒத்திகைக்குத்தான் நான் போனேன். அந்த வெட்டைப் பார்த்ததும் போங்கோவைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“மாமா, உங்களுக்குப் புத்தி இருக்கா? அந்தம்மா என்ன சொன்னாங்க? மறந்துட்டீங்களா?”

“தெரியும். ஆனா நிறுத்தம் இல்லன்னா இது என் பாட்டு இல்ல.”

“உங்க பாட்டு முக்கியமா, உங்க மக முக்கியமா?”

அவர் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார்.  பிறகு, “எடுத்துடு. நிக்காம போலாம். நான் ப்ராமிஸ்” என்றார். அய்யாவு அண்ணன் முகம் தொங்கிப்போனது. எனக்கு யார் முகத்தைப் பற்றியும் கவலை இல்லை. அன்று சாயங்காலமே வள்ளியம்மாவுக்குப் போன் போட்டு, “மேளம் நிக்காது ஆன்டி, நான் பொறுப்பு” என்று சொன்னேன்.

“நீங்க பொறுப்புன்னா சரி தம்பி. எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான்.” குரல் கெஞ்சுவது போல இருந்தது. அந்த அம்மா மேல் எனக்கு இருந்த கோபம் அதோடு போய்விட்டது. பயம் மட்டும் என்னிடம் தொற்றிக்கொண்டது.

மாமாவின் கல்யாணத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்கு ரெக்லா என்று ஒரே தங்கை. வேட்டி கட்டிக்கொண்டு கிள்ளான் கோயிலில் அவர் உட்கார்ந்தபோது, இரண்டாவது முடிச்சைப் போடக் கூடப்பிறந்தவள் இல்லை. விமானக் கட்டணத்துக்கு வழியில்லை, அவளால் ஊரிலிருந்து வர முடியவில்லை. யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்துப் போடச் சொன்னோம். போய்ப் பார்த்துவிடலாம் என்று தள்ளித் தள்ளி, மாமா ஊருக்குக் கிளம்புவதற்குள் ரெக்லா இறந்துவிட்டாள். அவளுக்கு ஒரு பாட்டு இருக்கிறது, எங்கேயும் வாசிக்கமாட்டார். அடுத்தவர் வீட்டில் போய் ‘முடிச்சு நீ போடணும்’ என்று உளறினார் என்றால் அதன் மூலம் இதுதான்.

கல்யாணம் கிள்ளானில், கோயில் மண்டபத்தில், காலை முகூர்த்தம். நான் தாய்மாமன், மாலை போட வேண்டியவன். போட்டதும் பட்டு வேட்டியோடு ஓடிவந்து போங்கோவின் முன்னால் உட்கார்ந்தேன். எங்களுக்கு மணவறையின் இடப்பக்கம் இடம். அய்யாவு அண்ணனும் இன்னொரு தவில்காரரும், நாதஸ்வரக்காரர், நடுவில் ஜிப்பா போட்ட மாமா. உட்கார்ந்ததும் அவர் கிட்டாரின் சுதியை மூன்று முறை சரிபார்த்தார்.  அறுபதைத் தாண்டிய மனுஷன், எந்த மேடையிலும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“மாமா. நிக்காது, சரியா?”

“நிக்காது, நிக்காது. நீ என்னைப் பாக்காத, பயமா இருக்கு.”

வள்ளியம்மா மணவறையில் மகனுக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். 

சமையல் கட்டுக்குப் போகும் பக்கவாசலில் ஒரு திரை. அதற்குப் பின்னால் கோமளா நிற்பது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. சந்தன நிறச் சேலை, கையில் வளையல் இல்லை. திரையை இரண்டு விரலால் விலக்கி, ஒரே கண்ணால் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவளும் வரப்போவதில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டுக் கொடுத்தார்கள். திரை வரைக்கும் அது போகவில்லை. சங்கரி விளக்கை ஏந்தி அமுதாவின் பின்னால் வந்து நின்றாள். குருக்கள் தாலியை எடுத்துச் சிவநேசன் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி ஆட்டினார்.

“கெட்டி மேளம்! கெட்டி மேளம்!”

பிடித்தோம். தவில் இரண்டும் இடிந்தன, நாதஸ்வரம் அதன் மேல் ஏறியது. மைக் வழியாக மாமாவின் கிட்டார் அதற்கிடையே புகுந்து புகுந்து ஓடியது. அட்சதை மழையாக விழுந்தது. எனக்கு ஒரே எண்ணம்தான், இன்னும் கொஞ்சம், இன்னும் மூன்று முடிச்சு. சிவநேசன் குனிந்தான். முதல் முடிச்சு விழுந்தது. சங்கரி விளக்கைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

அப்போது அமுதா தலையை லேசாகத் தூக்கி, கூட்டத்தின் நடுவே அப்பாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். சிரித்தாள்.

மாமாவின் கிட்டார் கழுத்து மேலே போனது.

வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்கு நிச்சயம். பாட்டு உச்சிக்கு வந்தது, மகள் சிரித்தாள், நாற்பது ஐம்பது வருடப் பழக்கம் கையைத் தூக்கிவிட்டது. அவர் முகத்தில் தெரிந்த திகிலே அதற்குச் சாட்சி. ஆனால் அய்யாவு அண்ணன் பார்த்துவிட்டார். ஆசை ஆசையாகப் பழகிய கை. இரண்டு தவிலும் ஒரே வெட்டாக நின்றன. நாதஸ்வரம் நின்றது. என் கையும் நின்றது. அதைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது.

மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும்தான்.

பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. பக்கவாசல் திரைக்குப் பின்னாலிருந்து, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டும் அடக்க முடியாத அழுகை. கோமளா மேளத்தை நம்பி அழுதிருக்கிறாள். இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று, வருடக்கணக்காக அடக்கி வைத்ததை அந்த நேரத்தில் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். மேளம் நின்றது அவளுக்குத் தெரிவதற்குள் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. தெரிந்ததும் திரை படாரென்று மூடிக்கொண்டது. ஆனாலும் விக்கல் நிற்கவில்லை.

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பின. முன்வரிசையில் ஒரு கிழவி, “ஐயோ, மறுபடியுமா” என்றாள். 

“எறக்குங்க மாமா,” என்று பல்லைக் கடித்தேன். “கிட்டார எறக்குங்க!”

அவர் இறக்கவில்லை. முகத்தில் இருந்த திகில் போயிருந்தது. தலையைச் சாய்த்து, அந்தத் திரையைப் பார்த்து, கேட்டுக்கொண்டிருந்தார். தூக்கிய கை அப்படியே நின்றது. தூக்கியது பழக்கம், இறக்காதது பழக்கம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போங்கோவைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்று இருந்தது. அய்யாவு அண்ணன் கோலை ஓங்கியபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். குருக்கள் “கெட்டி மேளம்... கெட்டி மேளம்...” என்றார், குரல் தேய்ந்துகொண்டே போனது.

சங்கரி கயிற்றைத் தொட்டாள். சிவநேசன் விடவில்லை. ஒற்றை முடிச்சோடு இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னான்.

“அம்மா. அக்கா அழுவுது.”

வள்ளியம்மா மகனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என் மேல் கண் நின்றபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன், பொறுப்பு என்று சொன்னவன் அல்லவா. பிறகு சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மணவறையை விட்டு இறங்கினார்.

சொன்னது போலவே இறங்கிவிட்டார். என் அக்கா “சம்பந்தி!” என்று கதறிக்கொண்டு பின்னால் போனாள். அமுதாவின் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அசையவில்லை, கழுத்தில் பாதித் தாலியோடு எப்படி அசைவாள்? நடுவில் விரித்த கம்பளத்தில் வள்ளியம்மா நடந்தார். எதிரே மண்டபத்தின் பெரிய வாசல். வழியில் நின்றவர்கள் விலகினார்கள். யாரும் தடுக்கவில்லை.

பாதி வழியில் அவர் பக்கவாசல் பக்கம் திரும்பினார். திரையை ஒரே இழுப்பாக இழுத்தார். கோமளா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். “இல்லம்மா, நான் அழுவலம்மா, மன்னிச்சிருங்கம்மா” என்று அவள் பதறியது பின்வரிசை வரை கேட்டது.  வள்ளியம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். இழுத்துக்கொண்டே நடந்து, மணவறைப் படியில் ஏற்றினார்.

“வேணாம்மா. நான் தொடக்கூடாதும்மா. அமுதா நல்லா இருக்கணும்.”

“அன்னைக்கு எவனோ கத்துனது எனக்கு இன்னும் கேக்குது,” என்றார் வள்ளியம்மா.  “ஒரே வீட்ல இருக்கோம். நீ இப்பிடி அழுவுறது ஒருநாளும் எனக்குக் கேக்கலையே, கோமளா. போடு.”

சங்கரி தானாக ஒதுங்கினாள். முன்வரிசைக் கிழவி எதையோ முணுமுணுத்தாள், பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்து அடக்கினார். மாமா மெதுவாகக் கிட்டார் கழுத்தைத் தாழ்த்தத் தொடங்கினார். வள்ளியம்மா அவரைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார்.

“இருங்க சம்பந்தி. அவ போட்டு முடிக்கட்டும்.”

கிட்டார் மறுபடியும் உயர்ந்தது. அந்த வயதில் அத்தனை நேரம் தூக்கிப் பிடிக்க, மாமாவின் கை வெடவெடத்தது. நான் எழுந்து போய் அவர் முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். அதுவரை இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கோமளாவின் விரலிலிருந்து கயிறு இரண்டு முறை நழுவியது. அமுதா கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் விரலைத் தொட்டு, “நிதானமா போடுங்கண்ணி” என்றாள். ஒரு முடிச்சு விழுந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம். இன்னொரு முடிச்சும் விழுந்தது. கோமளா அதை இழுத்து இறுக்கிவிட்டு, போட்டது சரிதானா என்பது போல அம்மாவைப் பார்த்தாள்.

வள்ளியம்மாதான் கூப்பிட்டார், குருக்கள் இல்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

“கெட்டி மேளம்!”

அய்யாவு அண்ணன் கோலை இறக்கினார். மண்டபம் அதிர்ந்தது. நான் ஓடிப்போய் உட்கார்ந்து, தாளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே போட்டு அடித்தேன். நிறுத்தத்துக்குப் பிறகு தனியாகத் தொடங்க வேண்டிய கிட்டார் மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா அதை மடியில் கிடத்திவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, “ரெக்லா, ரெக்லா” என்று அழுதுகொண்டிருந்தார். அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.